ஓய்ந்த வானொலிக் கோள்கள்

பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டைக் கண்டவர்களுக்கு ஒரு வழக்கம் தெரிந்திருக்கும். ஒரு மாணவன் தொடர்ந்து பல நாள் வாராதிருந்தால், அவன் பெயரைச் சிவப்பு மையால் அடித்து நீக்கிவிடுவோம். நீக்கியதனால் அவன் இல்லாமற் போய்விடுவதில்லை. ஊரிலேதான் இருப்பான், மாடு மேய்த்துக்கொண்டோ, மளிகைக் கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டோ இருப்பான். என்றேனும் ஒரு நாள் வகுப்பு வாயிலில் வந்து நின்றாலும் நிற்பான். இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்ட வரலாறு, இவ்வாறு பெயர் நீக்கப்பட்ட பின்னும் ஊரை விட்டுப் போகாத சில துணைக்கோள்களின் வரலாறு. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லவேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடம். அதனாலேயே பதிவேட்டிலிருந்து தொடங்கினேன்.

வானொலிக் கருவியைத் தாமே அமைத்து, அரசாங்க உரிமம் பெற்று, ஊதியம் கருதாமல் நாடு விட்டு நாடு பேசி மகிழும் அன்பர்கள் உலகெங்கும் இருக்கின்றனர். அமெச்சூர் வானொலியர் என்பது அவர்களுக்கு வழங்கும் பெயர். அவர்களுள் ஒருவர் இறந்துவிட்டால், 'இறந்தார்' என்று அவர்கள் எழுதுவதில்லை; மோர்ஸ் குறி தட்டும் அவருடைய விசை மௌனமாயிற்று என்றே எழுதுவார்கள். மனிதருக்கு இது முற்றிலும் பொருந்தும். அவர்கள் வானத்தில் ஏற்றிய கோள்களுக்கு இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதுதான் கேள்வி.

ரஷ்யாவின் முதல் ஸ்புட்னிக் வானில் ஏறியது 1957 அக்டோபரில். அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1961 டிசம்பர் 12ஆம் நாள், கலிபோர்னியாவிலுள்ள வாண்டன்பர்க் தளத்திலிருந்து அமெரிக்க விமானப் படையின் ராக்கெட் ஒன்று புறப்பட்டது. அதன் முதன்மைச் சுமை டிஸ்கவரர் 36 என்னும் கோள். ராக்கெட்டின் எடையைச் சமன் செய்ய எப்படியும் சிறிது பாரம் ஏற்றவேண்டியிருந்தது. அந்தப் பாரத்திற்குப் பதிலாகத் தங்கள் பெட்டியை வைக்க அமெச்சூர் அன்பர்கள் இடம் கேட்டுப் பெற்றனர். அதன் பெயர் ஆஸ்கார் 1. 'அமெச்சூர் வானொலியைச் சுமந்து சுழலும் கோள்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களால் ஆன பெயர் அது. எடை ஏறத்தாழ நான்கரை கிலோ. வீடுகளின் வண்டிக் கொட்டடிகளிலும் அடித்தள அறைகளிலும் அமர்ந்து, ஓய்வு நேரத்தில் செய்த பெட்டி. அது அனுப்பிய மின்னாற்றல் 140 மில்லிவாட். கைவிளக்குப் பல்புக்கு வேண்டியதிலும் குறைவு.

இந்தச் சிறு பெட்டி சொன்னது ஒரே சொல். மோர்ஸ் குறியில் நான்கு புள்ளியும் இரண்டு புள்ளியும், அதாவது 'ஹை'. அவ்வன்பர்களிடையே அஃது ஒரு சிரிப்பு, ஒரு நலம் விசாரிப்பு. ஆனால் அந்தச் சிரிப்பிலும் ஒரு சூழ்ச்சி வைத்திருந்தார்கள். பெட்டிக்குள் வெப்பம் மாறினால் 'ஹை' சொல்லும் வேகமும் மாறும். தரையில் இருப்பவர் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அது எத்தனை முறை ஒலிக்கிறது என்று எண்ணினால், வானத்திலுள்ள பெட்டியின் வெப்பநிலையைக் கண்டுவிடலாம். பல்லாயிரம் ரூபாய் கருவிகளால் கற்பிக்க இயலாத பௌதிகத்தை இந்த ஒரு சொல்லால் கற்பிக்கலாம் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. 28 நாடுகளிலிருந்து 570க்கும் மேற்பட்ட அன்பர்கள் கேட்டு எழுதி அனுப்பினர். மூன்று வாரத்தில் மின்கலம் தீர்ந்தது. 1962 ஜனவரி 31ஆம் நாள், புவியை 312 முறை சுற்றிய பின், கோளும் காற்று மண்டலத்தில் விழுந்து எரிந்தது. தாழ்ந்த பாதையில் சுற்றியதால் ஓய்வும் மறைவும் ஒன்றையொன்று அடுத்து வந்துவிட்டன. 'ஓய்ந்த கோளின் நிலை என்ன?' என்னும் வினாவே அங்கு எழவில்லை.

பின்னர் வந்த கோள்கள் உயரே சென்றன. வினாவும் உடன் எழுந்தது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழக மாணவர்கள் செய்த ஆஸ்கார் 5, 1970 ஜனவரியில் 1,400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் ஏற்றப்பட்டது. சூரியப் பலகை அதற்கு இல்லை. கொண்டுசென்ற மின்கலம் சில வாரங்களில் தீர்ந்தது. 1972இல் ஏறிய ஆஸ்கார் 6 சூரியப் பலகைகளோடு சென்று நாலரை ஆண்டு உழைத்தது. 1977இல் மின்கலம் கெட்டு நின்றது. அவ்வுயரத்தில் காற்றின் உராய்வு இல்லை என்றே சொல்லலாம். ஆகவே இவ்விரண்டும் இன்னும் சுற்றுகின்றன. நூற்றாண்டுகள் பலவும் சுற்றிக்கொண்டிருக்கும்.

இவற்றின் உடன்பிறப்பாகக் கருதத்தக்கது ஆஸ்கார் 7. இதனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். 1974 நவம்பர் 15ஆம் நாள் அதே வாண்டன்பர்க்கிலிருந்து ஒரு வானிலைக் கோளுடன் துணைச் சுமையாகச் சென்றது. எட்டுப் பக்கம் கொண்ட உடல். எடை 29 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 1969இல் வாஷிங்டனில் தோன்றிய ஆம்சாட் என்னும் கழகத்தின் முயற்சி அது. அமெரிக்கருடன் ஜெர்மனி, கனடா, ஆஸ்திரேலியா நாடுகளின் அன்பர்களும் பங்கு கொண்டனர். தரையிலிருந்து வரும் குரலை வாங்கி, வேறோர் அலைவரிசையில் மறுபடி பரப்பும் கருவிகள் இரண்டு அதில் இருந்தன. 115 நிமிடத்திற்கு ஒரு சுற்று. அதன் பார்வையில் ஒரே சமயத்தில் அகப்படும் நிலப்பரப்பின் குறுக்களவு ஏறத்தாழ 7,900 கிலோமீட்டர். எளிய கருவி உடைய ஒருவர் கடல் கடந்த நாட்டாருடன் சில நிமிடம் பேச இஃது இடந்தந்தது. ஆறரை ஆண்டு இவ்வாறு உழைத்தபின், 1981ஆம் ஆண்டின் நடுவில் குரல் நின்றது. மின்கலத்தில் உட்குறுக்கு ஏற்பட்டுவிட்டது. பதிவேட்டில் பெயரை அடித்தார்கள்.

இருபத்தொரு ஆண்டுகள் கழிந்தன. 2002 ஜூன் 21ஆம் நாள், இங்கிலாந்தில் ஓர் அமெச்சூர் அன்பர் 145 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் ஏதோ ஒரு மோர்ஸ் ஒலியைக் கேட்டார். மெதுவான, பழைய பாணி மோர்ஸ். 'ஹை ஹை' என்று தொடங்கி எண் எண்ணாகச் சொல்லிக்கொண்டு போயிற்று. அக்காலத்துப் புதிய கோள் எதுவும் அவ்வாறு பேசுவதில்லை. எழுபதுகளின் கோள்கள்தாம் தம் உடல்நிலையை இப்படி எண்களாக ஒப்பித்தன. பாதையைக் கணக்கிட்டுப் பார்த்தபோது ஐயம் தீர்ந்தது. பேசியது ஆஸ்கார் 7.

இது நிகழ்ந்த விதத்தை விளக்குவது கடினமன்று. கிணற்றிலிருந்து இறைக்கும் நீர் முதலில் தொட்டியில் விழுகிறது. தொட்டியிலிருந்து வாய்க்காலுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் அடி உடைந்துவிட்டால், எவ்வளவு இறைத்தாலும் நீர் எல்லாம் அவ்வழியே வடிந்துவிடும். வாய்க்கால் வறண்டு கிடக்கும். 1981இல் நேர்ந்தது அதுவே. சூரியப் பலகைகள் நல்ல நிலையில் இருந்தும், அவை தந்த மின்சாரம் முழுவதையும் குறுக்கு விழுந்த மின்கலம் விழுங்கிவிட்டது. பின்னர், தொட்டிக்குச் செல்லும் குழாயே அடைத்துக்கொண்டதுபோல, மின்கலத்தின் உட்தொடர்பு எங்கோ அற்றுப்போயிற்று. விழுங்குவதற்கு ஒன்றும் இல்லாமற்போகவே, மின்சாரம் நேரே கருவிகளுக்குப் பாய்ந்தது. முதற்கேட்டினால் மாண்ட கோளை இரண்டாவது கேடு எழுப்பிவிட்டது.

அன்று முதல் அக்கோளின் வாழ்வு விந்தையானது. வெயில் படும் வரையில் விழித்திருக்கும். புவியின் நிழலில் புகுந்தால் அக்கணமே உறங்கும். சேமிப்பு என்பது ஒரு துளியும் இல்லை. நிழலிலிருந்து வெளிவரும்போதெல்லாம் நேற்றையது எதுவும் நினைவில்லாமல் புதிதாகத் தொடங்கும். ஆண்டின் சில பருவங்களில் அதன் பாதை முழுவதும் வெயிலிலேயே அமையும். அப்போது அதன் உள்ளிருக்கும் பழைய கடிகாரம் இடையறாது ஓடி, 24 மணிக்கொரு முறை ஒரு கருவியை நிறுத்தி மற்றதை இயக்கும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பொருத்திய கடிகாரம் அது!

இக்கோளைப் பயன்படுத்துவோர்க்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மின்கலத்தின் துணை இல்லாததால், தரையிலிருந்து ஒருவர் மிகுந்த ஆற்றலுடன் பேசினால் கோளின் மின்னழுத்தம் தாழ்ந்து, எல்லாருடைய குரலும் நடுங்கிக் குழறும். ஆகவே ஒவ்வொருவரும் தம் குரலைக் கேட்க எவ்வளவு ஆற்றல் போதுமோ அவ்வளவே செலவிடவேண்டும். அவசரக்காரர்கள் இதனை மீறுவதும், மற்றவர்கள் குறைப்பட்டுக்கொள்வதும் உண்டு. வகுப்பறையில் உரத்த குரலுடைய ஒரு பையன் இருந்தால் என்ன நேரும் என்பது எனக்குப் புதிதன்று.

இனிச் சட்டத்தின் பக்கம் வருவோம். ஓய்ந்த கோள் யாருக்குச் சொந்தம்? 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை இதற்கு விடை கூறுகிறது. விண்ணில் இருப்பதனால் ஒரு பொருளின் உடைமை மாறுவதில்லை; அதனைப் பதிவு செய்த நாட்டின் அதிகாரமும் நீங்குவதில்லை. கடலில் கைவிடப்பட்ட மரக்கலத்தை மீட்டவர் பங்கு கேட்பதுபோல் இங்குக் கேட்கவியலாது. வாய் பேசினாலும் பேசாவிட்டாலும் அஃது உரியவருடையதே. அலைவரிசை பற்றிய செய்தி இன்னும் சிக்கலானது. இன்றைய பன்னாட்டு ஒழுங்கில் அமெச்சூர் கோள்களுக்கு அப்பகுதியில் ஒதுக்கியிருப்பது 435 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரை. ஆஸ்கார் 7 காது கொடுப்பதோ 432இல். திரும்பி வந்த பிள்ளைக்கு இன்றைய வகுப்பில் இருக்கை எண் இல்லை. தேவைப்பட்டபோது ஒரு கோளின் ஒலியை உடனே நிறுத்தத் தரையில் ஏற்பாடு இருக்கவேண்டும் என்பது அமெச்சூர் கோள்களுக்கான விதி. வெயில் பட்டவுடன் தானே பேசத் தொடங்கும் கோளுக்கு அவ்விதியை எங்ஙனம் பொருத்துவது? எவருக்கும் தீங்கு செய்யாத கிழவனிடம் உரிமச்சீட்டுக் கேட்டு நிற்பதில் எனக்கு விருப்பமில்லை. ஆயினும் அவ்விதி வீண் விதி என்று சொல்லவும் நான் துணியேன்.

எல்லாக் கோள்களும் இப்படி மீளவில்லை. ஓய்ந்த விதமும் ஒன்றாக இல்லை. 1983இல் சென்ற ஆஸ்கார் 10, ராக்கெட்டிலிருந்து பிரிந்தவுடனே அதன்மீதே மோதிக்கொண்டது. பின்னர்க் கதிர்வீச்சினால் அதன் கணிப்பொறியின் நினைவு சிதைந்தது. ஆயினும் பலகைகளில் நல்ல வெயில் பட்ட பருவங்களில், வழிகாட்ட மூளை இல்லாமலே, பல ஆண்டுகள் குரலை வாங்கி அனுப்பிக்கொண்டிருந்தது. 1988இல் சென்ற ஆஸ்கார் 13இன் நீள்வட்டப் பாதையைச் சூரியனும் சந்திரனும் சிறிது சிறிதாக இழுத்துத் தாழ்த்தின. அதன் முடிவை ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டுச் சொல்லிவிட்டார்கள். 1996 டிசம்பரில் எரிந்தது. 2000 நவம்பரில் பெருஞ்செலவில் ஏற்றிய ஆஸ்கார் 40, அடுத்த மாதமே உந்துபொறி வெடிப்பில் சிதைவுற்று, ஒருவாறு தேறி உழைத்து, 2004 ஜனவரியில் மின்கலம் கெட்டு ஓய்ந்தது.

நம் நாட்டுக் கோளையும் இவ்வரிசையில் சொல்லவேண்டும். 2005 மே 5ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கார்ட்டோசாட் 1 என்னும் கோளுடன் ஹாம்சாட் ஏறியது. எடை 42.5 கிலோ. மறுபரப்புக் கருவி இரண்டில் ஒன்று இந்தியர் செய்தது. மற்றொன்று நெதர்லாந்து நாட்டு மாணவர் ஒருவர் செய்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் பல நாட்டாரும் அதன் வழியே பேசினர். 2014 ஜூலையில் அதுவும் மின்கலத்தால் ஓய்ந்தது. இவ்வரலாற்றைப் படிக்கப் படிக்க, இக்கோள்களின் ஆயுள் எழுதியிருப்பது மின்கலத்தில்தான் என்று தோன்றும்.

ஓய்ந்த கோளால் கேடு உண்டா என்று கேட்பீர்களானால், உண்டு. 2009 பிப்ரவரி 10ஆம் நாள், சைபீரியாவுக்கு மேல் ஏறத்தாழ 790 கிலோமீட்டர் உயரத்தில், காஸ்மாஸ் 2251 என்னும் செயலற்ற ரஷ்யக் கோள், உழைத்துக்கொண்டிருந்த இரிடியம் 33 என்னும் அமெரிக்கத் தொடர்புக் கோளின்மீது மோதியது. கண்டறிந்து எண்ணக்கூடிய துண்டுகளே 2,000 அளவில் சிதறின. ஒவ்வொரு துண்டும் துப்பாக்கிக் குண்டினும் பன்மடங்கு விரைவாகச் செல்வது. இத்தகைய நிகழ்ச்சிகளுக்குப் பின்னர் விதிகள் இறுகின. பணி முடிந்தபின் 25 ஆண்டுக்குள் தாழ்பாதைக் கோள் விழுந்துவிடவேண்டும் என்றிருந்த வழக்கத்தை, 2022 செப்டம்பரில் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 5 ஆண்டாகக் குறுக்கியது.

இவ்விதி நியாயமானது என்பதே என் கருத்து. அமெச்சூர் அன்பர் சிலர், தங்கள் சிறு கோள்களுக்கு இது பெருஞ்சுமை என்கிறார்கள். உயரமான பாதைக்கு இனி இடம் கிடைப்பது அரிதாகிவிடும் என்றும் வருந்துகிறார்கள். அவர்கள் வருத்தம் பொய்யன்று. உயரே போன கோள்தான் கடல் கடந்து பேசவைக்கும். உயரே போன கோள்தான் ஓய்ந்தபின் விழாமலும் இருக்கும். இரண்டையும் பிரிக்க இயலாது. இவ்விதி அக்காலத்தில் இருந்திருந்தால் ஆஸ்கார் 7 அவ்வுயரத்துக்கு அனுமதிக்கப்பட்டிராது. அதற்காக இனி வரும் ஆயிரக்கணக்கான கோள்களையும் அப்படியே விட்டுவைக்கலாகாது.

ஆஸ்கார் 7க்கு 2024 நவம்பரில் ஐம்பது ஆண்டுகள் நிறைந்தன. வானிலுள்ள பொருள்களின் அட்டவணையில் அதன் எண் 7530. ஆஸ்கார் 5உம் ஆஸ்கார் 6உம் ஏறத்தாழ அதே உயரத்தில் அதே அட்டவணையில் இருக்கின்றன. அவற்றின் எண்களுக்கு எதிரே பாதையின் கணக்கு மட்டும் நாள்தோறும் புதுப்பிக்கப்படுகிறது.