கறுப்பு மால்ட்டு வந்த கதை



தோட்டப்புறத்தில் கறுப்புப் பீரைப் பார்க்காதவர்கள் குறைவு. சுங்கை வேயில் 1965-ஆம் ஆண்டு கின்னஸ் ஆலை திறக்கப்படுவதற்கு முன்பே அது கப்பலில் வந்து இங்கே விற்பனையாயிற்று. அந்தக் கறுப்பு ஏதோ சாயம் என்று எண்ணுவோர் உண்டு. அது வறுத்த தானியத்தின் நிறம்தான். ஆனால், சாயம் கலந்த காலமும் ஒன்று இருந்தது. அதைச் சொல்லவே இன்று வந்தேன்.

வீட்டில் கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைக்க விடுகிறோம் அல்லவா? வாற்கோதுமையை அவ்வாறு முளைக்கவிட்டு உலர்த்தினால் அதுவே மால்ட்டு. முளைக்கும்போது, மாவை இனிப்பாக மாற்றும் சக்தி தானியத்தில் பிறக்கிறது. இளஞ்சூட்டில் உலர்த்தினால் அந்தச் சக்தி நிற்கும். கருக வறுத்தால் நிறமும் மணமும் வரும், சக்தி போய்விடும்.

18-ஆம் நூற்றாண்டில் லண்டன் நகரச் சுமைகூலிகள் விரும்பிக் குடித்தது போர்ட்டர் என்னும் கரிய பீர். சுமை தூக்குவோரின் பெயரே அதற்கும் வந்தது. விறகுத் தீயில் உலர்த்திய பழுப்பு மால்ட்டைக் கொண்டு அதைக் காய்ச்சினார்கள். 1784-இல் ஜான் ரிச்சர்ட்சன் என்பவர், காய்ச்சும் நீரில் எவ்வளவு இனிப்பு இறங்கியிருக்கிறது என்பதை அளக்கும் கருவியைப் பற்றி நூல் எழுதினார். அளந்து பார்த்த முதலாளிகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழுப்பு மால்ட்டு, வெளிர் மால்ட்டைவிடக் குறைவாகவே இனிப்புத் தந்தது. மால்ட்டுக்கு அரசாங்கம் வரி வேறு வாங்கிற்று. எனவே ஆலைகள் வெளிர் மால்ட்டுக்கு மாறின.

காசு மிச்சமாயிற்று, நிறம் போயிற்று. குடிப்பவர்களோ கறுப்பையே கேட்டார்கள். கருக்கிய சர்க்கரையை ஊற்றினார்கள் சிலர். வேறு சிலர் செய்ததுதான் கொடுமை. தானியத்தைக் குறைத்துவிட்டு, போதைக்காகக் காக்காய்க்கொல்லி விதையைக் கலந்தார்கள். நம் ஊர்ப் பக்கம் குளத்து மீனை மயக்கிப் பிடிக்கப் போடும் அதே விதை! மலபார்க் கரையிலிருந்து அங்கே போய், உழைப்பாளியின் குவளையில் விழுந்தது.

1816-இல் சட்டம் வந்தது. மால்ட்டும் ஹாப்ஸ் பூவும் தவிர வேறெதுவும் கூடாது என்றது அது. மறு ஆண்டே, 1817-இல், டேனியல் வீலர் என்பவர் காப்பிக்கொட்டை வறுப்பதுபோல் உருளையில் இட்டு மால்ட்டை வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வெளிர் மால்ட்டோடு அதில் சிறிது சேர்த்தாலே பீர் கறுத்துவிடும்.

வீடுகளின் நிலை என்ன? இங்கிலாந்துக் கிராமங்களில் அன்று பெண்களே பீர் காய்ச்சினார்கள். ஒருமுறை ஊறிய மால்ட்டில் மறுபடி வெந்நீர் ஊற்றி, இலேசான இரண்டாம் பீரும் எடுப்பார்கள். பிள்ளைகளும் அதைக் குடித்தார்கள். வில்லியம் கோபெட் என்னும் எழுத்தாளர், 1821-இல் வெளியிடத் தொடங்கிய தம் குடும்பச் சிக்கன நூலில், ஏழைகள் வீட்டிலேயே காய்ச்சிக்கொள்ள வேண்டும் என்று வாதாடினார். அவர் சாடியது மால்ட்டு வரியை. தேநீரையும் சாடினார்; அதில் எனக்கு உடன்பாடில்லை!

பண்ணை ஆட்களுக்கோ கூலியின் ஒரு பகுதியே பீராகக் கொடுக்கப்பட்டது. குவளை நிறைந்தது, வீட்டுக்குப் போகும் காசு குறைந்தது. கள்ளுக்கடையைக் கண்ட நம் தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1887-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வழக்கத்தைத் தடுத்தது.

மால்ட்டு வரி 1880-இல் நீங்கியது. வீட்டில் காய்ச்சுவதற்கான உரிமமுறையை 1963-இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் நீக்கினார். அதன்பின் அந்நாட்டு அடுக்களைகளில் ஒரு புதுச் சங்கடம்: வாங்கிய கறுப்பு மால்ட்டு மிஞ்சிப்போகும். இருபது லிட்டருக்கு ஏறக்குறைய நான்கு கிலோ மால்ட்டு வேண்டும். அதில் கறுப்பு இருநூறு கிராம் போதும். தீர்க்க வேண்டுமென்று மொத்தத்தையும் கொட்டினால் கரிக்கட்டையைக் கடித்ததுபோல் கசக்கும். தனியாகக் காய்ச்சவும் வழியில்லை, சக்திதான் வறுபட்டுவிட்டதே. ஆகவே ஒரு கிலோப் பையை ஐந்து தடவைக்குப் பிரித்துக்கொள்கிறார்கள். சிலர் இரவு முழுதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, வடித்த சாற்றை மட்டும் சேர்க்கிறார்கள்; கசப்பு குறைகிறது. அரைத்துவிட்டால் மணம் போய்விடும் என்பதால், மிச்சத்தை முழுத் தானியமாகவே ஈரம் படாத தகர டின்னில் மூடி வைக்கிறார்கள்.