கேரண்டியும் வாரண்டியும்

இன்வெர்ட்டர் பாட்டரி வாங்கப் போனால், “24 மாசம் கேரண்டி, அதுக்கப்புறம் 24 மாசம் வாரண்டி” என்பார் கடைக்காரர். கேரண்டிக் காலத்தில் பாட்டரி பழுதானால் புதிது இலவசம். வாரண்டிக் காலத்தில் பழுதானால், புதியதன் விலையில் ஒரு பங்கு தள்ளுபடி. நம் கடைத்தெரு இப்படித் தெளிவாகப் பிரித்துவைத்திருக்கும் இரண்டும் பிறப்பால் ஒரே சொல்.

பிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தாரிடமிருந்து, ‘காப்பவன், பொறுப்பேற்பவன்’ என்ற பொருளில் ஒரு சொல் பழைய பிரெஞ்சுக்குப் போனது. நார்மண்டிப் பக்கம் அதன் வகரம் அப்படியே நின்றது. பாரிஸ் பக்கம் ககரமாகத் திரிந்தது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு வகரச் சொல் அங்கே வேரூன்றியது. ககரச் சொல் வந்து சேர்ந்தது பல நூற்றாண்டுகள் கழித்து. வார்டன், கார்டியன் இரண்டும் இதே வகை இரட்டையர். வில்லியம் என்பவரைப் பிரெஞ்சுக்காரர் கியோம் என்பதும் இதே திரிபால்தான். போலீஸ்காரர் கையிலுள்ள பிடிவாரண்டும் இந்தக் குடும்பமே.

அக்கால இங்கிலாந்தில் வாரண்டி என்றால் நிலத்தைப் பற்றிய பேச்சு. நிலத்தைக் கொடுத்தவர், வேறொருவன் உரிமை கோரி வழக்காடினால் தாமே வந்து வாதாட வேண்டும்; தோற்றால் ஈடாக வேறு நிலம் தர வேண்டும். நம் கிரையப் பத்திரத்தில், பின்னால் வில்லங்கம் வந்தால் விற்றவரே தம் செலவில் தீர்த்துத் தருவதாக எழுதுகிறோமே, அதே பொறுப்பு. பொருளுக்கு வாரண்டி என்பதைவிட இது எவ்வளவோ கனமான வாக்கு!

இந்தியச் சட்டம் இரட்டையரை வேறு விதமாகப் பிரிக்கிறது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் வரும் கேரண்டிக்கு மூன்று பேர் வேண்டும்: கடன் கொடுத்தவர், வாங்கியவர், அவர் கட்டாவிட்டால் கட்டுவதாக ஜாமீன் நிற்பவர். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்லும் வாரண்டி, விற்பனையின் முக்கிய நோக்கத்தோடு ஒட்டிவரும் துணை வாக்குறுதி. அது மீறப்பட்டால் நஷ்டஈடு கேட்கலாம். அதை மட்டும் காட்டிப் பொருளைத் திருப்பித் தர முடியாது.

‘கேரண்டி என்றால் புதிது’ என்ற கடைத்தெருப் பொருள் இந்த இரு பிரிவுகளிலும் இல்லை. அந்த வழக்கு எனக்குப் பிடிக்கும். வாங்குபவருக்குச் சட்டென்று புரிகிறது. ஆனால் தகராறு என்று வந்தால் அட்டையில் அச்சிட்ட நிபந்தனைகளைத்தான் பார்ப்பார்கள். புதிது தருவார்களா, பழுது பார்த்துத் தருவார்களா, உதிரிபாகத்துக்கும் கூலிக்கும் தனியே காசு கேட்பார்களா என்பதைப் பணம் கட்டுமுன் அதில் படித்துவிட வேண்டும். கடை முத்திரையும் வாங்கிய தேதியும் அதிலேயே இருக்கட்டும்.