பண்ணும் நிறமும்: தில்லிக் கலைக்கூடங்கள் காட்டும் ஒரு வரலாறு

முன்னுரை

இசையைக் கண்ணுக்குப் புலப்படுத்தும் முயற்சி இந்திய ஓவிய வரலாற்றில் நெடிய மரபுடையது. அம்மரபின் இரு முனைகளையும் தில்லியில் காணலாம். தேசிய அருங்காட்சியகத்தில் இராகமாலைச் சிற்றோவியங்கள் உள்ளன. 1954இல் தொடங்கப்பெற்ற தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அருவப் பாணி எண்ணெய்வண்ண ஓவியங்கள் உள்ளன. இவ்விரு வகையும் இசையோடு கொண்டுள்ள உறவின் வேறுபாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்வழி வந்த ஓவியம்

16ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரை இராசத்தான், தக்காணம், இமயமலை அடிவாரச் சிற்றரசுகள் ஆகியவற்றில் இராகமாலை செழித்தது. 6 இராகங்கள், ஒவ்வொன்றுக்கும் 5 இராகினிகள் என 36 படங்கள் கொண்ட தொகுதி பெருவழக்கு. வீணை ஏந்திய பெண்ணும் அவளைச் சூழும் மான்களும் தோடி. இவ்வாறே ஒவ்வொன்றுக்கும் ஓர் உருவம் உண்டு. இவ்வுருவங்களை வகுத்தவை தியானச் செய்யுள்கள். எனவே ஒலிக்கும் நிறத்திற்கும் இடையே சொல் நின்றது எனலாம்.

சுரத்தை நேரடியாக நிறத்தோடு இணைக்கும் சிந்தனையும் பழமையானதே. காந்தாரம் பொன்னிறம், பஞ்சமம் கருநிறம் என்கிறது நாரதீய சிக்ஷை. தமிழ் மரபு வேறொரு வழியை மேற்கொண்டது. தொல்காப்பியம் யாழைக் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்தமையால், இசை இங்கு ஆண், பெண் உருவம் பெறாமல் நிலத்தோடு பிணைந்தது.

சொல் நீங்கிய ஓவியம்

ஐரோப்பாவில் 1911 சனவரியில் மூனிக் நகரில் சோன்பெர்க்கின் இசையைக் கேட்ட கண்டின்ஸ்கி, அவ்வனுபவத்தை ஓர் எண்ணெய்வண்ண ஓவியமாக்கினார். பரந்த மஞ்சள் நிறப் பெருக்கும் கரிய பியானோ வடிவும் அதில் எதிரெதிர் நிற்கின்றன. கேட்போர் உருவங்களின் சாயல் எஞ்சியிருப்பினும், இங்குச் செய்யுளின் இடையீடு இல்லை.

தில்லியில் இதனினும் ஒரு படி மேற்சென்றவர் வா. சா. கைதோண்டே (1924–2001). நாகபுரியில் பிறந்து, மும்பையில் பயின்று, 1972 முதல் தில்லியில் வாழ்ந்தவர். இசை கேட்பதில் ஈடுபாடுடையவர். உருளையால் வண்ணத்தைப் பரப்பி, கத்தியால் சுரண்டி, மீண்டும் பரப்பி மெல்லிய அடுக்குகளாக அவர் ஓவியத்தை வளர்த்தார். தம் படைப்புகளுள் பெரும்பாலானவற்றிற்குப் பெயரிடவில்லை. ஒரே நிறம் படம் முழுதும் சுருதிபோல் நிலைக்க, அதன்மேல் சிறு வடிவங்கள் இடைவெளி விட்டு எழுந்து மறைகின்றன. சாகித்தியமற்ற ஆலாபனையோடு இதனை ஒப்பிடலாம். எனினும் குறிப்பிட்ட இராகம் எதனையும் இவற்றுள் தேடுதல் பொருந்தாது; ஒப்புமை அமைப்பில் மட்டுமே உள்ளது.

முடிவுரை

இராகமாலையில் பெயரும் செய்யுளும் உண்டு; கைதோண்டேயிடம் அவ்விரண்டும் இல்லை. தலைப்பில் இராகப் பெயர் இருப்பதைக் கொண்டே ஓர் அருவ ஓவியத்தை இசைவழிப்பட்டது எனக் கூறும் போக்கு திறனாய்வில் உண்டு. அது போதிய சான்றாகாது. நிலைநிறம், இடைவெளி, அடுக்கு, காலநீட்சி ஆகியவற்றை ஓவியத்துள்ளேயே காட்டுதல் வேண்டும். சுருதி, ஆளத்தி, பண் எனும் கலைச்சொற்களை உடைய தமிழுக்கு இவ்வாய்வு இயல்வதே. அச்சொற்களை ஓவியத் திறனாய்விற்குக் கொணர்தல் தமிழாய்வாளர் கடனாகும்.