எதிர்வரிசையில் ஒரு வாழ்நாள்

நாடாண்டவர்களின் வரலாறே நாட்டின் வரலாறு என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். ஆட்சிக்கு எதிரே நின்று வாதாடியவர்களின் பெயர்களைப் பாடநூல்கள் அதிகம் சொல்வதில்லை. ஆயினும், ஆள்வோர்க்கு இடித்துரைக்கும் துணை எத்துணை இன்றியமையாதது என்பதைத் திருக்குறள் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்னும் அதிகாரத்தில் வற்புறுத்துகிறது. அவ்வாறு இடித்துரைப்பதையே ஏறத்தாழ வாழ்நாள் பணியாகக் கொண்ட ஆங்கில அரசியலாளர் ஒருவரை இங்கே காண்போம். அவர்தாம் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ்.

ஃபாக்ஸ் 1749ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள் லண்டனில் பிறந்தார். தந்தை ஹென்றி ஃபாக்ஸ் அரசாங்கப் பதவியால் பெருஞ்செல்வம் சேர்த்தவர். மகனுக்கு எதையும் மறுத்தறியாதவர். 1768இல், பத்தொன்பது வயதிலேயே, ஃபாக்ஸ் காமன்ஸ் சபையில் இடம் பெற்றார். சூதாட்ட மேசையில் இரவுகளைக் கழித்துப் பெருங்கடன் பட்டார். தொடக்கத்தில் அரசின் பக்கம் நின்று சிறு பதவிகள் வகித்தவர், 1774இல் பதவி நீக்கப்பட்டார். அதன்பின் அமெரிக்கக் குடியேற்றங்களின் மீது மன்னர் மூன்றாம் ஜார்ஜின் அரசு தொடுத்த போரை எதிர்த்து முழங்கியபோதுதான் அவருடைய நாவன்மை நாடறிந்ததாயிற்று.

மன்னரின் அமைச்சர்களை எதிர்ப்பது மன்னரையே எதிர்ப்பதாகும் என்று பலர் கருதிய காலம் அது. 'மன்னர்பிரானின் எதிர்க்கட்சி' என்னும் சொற்றொடரே 1826இல்தான், ஃபாக்ஸ் மறைந்து இருபது ஆண்டுகள் கழித்துப் பிறந்தது. அவருடைய முப்பத்தெட்டு ஆண்டு நாடாளுமன்ற வாழ்வில், வெளியுறவு அமைச்சராக இருந்த மூன்று காலங்களையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் இரண்டு ஆண்டுகள் நிறைவதில்லை.

அவரிடம் குறையில்லை என்று நாம் சொல்லவில்லை. அமெரிக்கப் போருக்காகப் பல்லாண்டு தாம் கடிந்து பேசிய நார்த் பிரபுவோடே 1783இல் கூட்டுச் சேர்ந்து ஆட்சியமைத்தார். பதவிக்காகக் கொள்கையை விற்றார் என்ற பழி அன்று முதல் அவரைத் தொடர்ந்தது. அக்கூட்டாட்சி கவிழக் காரணமாயிருந்தது இந்தியாவே. கிழக்கிந்தியக் கம்பெனியின் நிருவாகத்தை நாடாளுமன்றம் நியமிக்கும் ஆணையர் எழுவரிடம் ஒப்படைக்கும் மசோதாவை ஃபாக்ஸ் கொண்டுவந்தார். காமன்ஸ் சபை அதனை நிறைவேற்றியது. ஆனால், அதனை ஆதரிப்போரைத் தம் பகைவராகவே கருதப்போவதாக மன்னர் சொல்லியனுப்ப, பிரபுக்கள் சபை அதனைத் தோற்கடித்தது. டிசம்பரில் ஃபாக்ஸ் நீக்கப்பட்டார். இருபத்து நான்கு வயதான இளைய பிட் பிரதமரானார்.

ஃபாக்ஸின் இந்திய அக்கறை அத்துடன் முடியவில்லை. அதில் தமிழ் மண்ணுக்கும் தொடர்புண்டு. ஆர்க்காட்டு நவாப் முகமது அலி, சென்னையிலிருந்த கம்பெனி ஊழியர்களிடமும் பிற ஐரோப்பியரிடமும் பெருவட்டிக்குக் கடன் வாங்கியிருந்தார். அக்கடன்கள் மெய்யானவையா என்று முறையாக ஆராயாமலே, நவாபின் நாட்டு வரிப் பணத்திலிருந்து அவற்றைத் தீர்க்குமாறு பிட் அரசு ஆணையிட்டது. வரி செலுத்துவோர் உழவர்கள். பெறுவோர் வட்டிக்கு விட்டோர். இது குறித்த ஆவணங்களைச் சபையின் முன் வைக்க வேண்டுமென்று 1785 பிப்ரவரி 28 அன்று ஃபாக்ஸ் தீர்மானம் கொணர்ந்தார். அவருடைய நண்பர் எட்மண்ட் பர்க், நம் நாட்டு ஏரி குளங்களின் அருமையையும் எடுத்துக்காட்டி நெடிய உரையாற்றினார். தீர்மானம் தோற்றது. பின்னாளில் நவாபின் பிற்காலக் கடன்களை ஆராயக் குழு ஒன்று அமைக்கப்பட்டபோது, கோரப்பட்ட தொகையில் மிகச் சிறு பகுதியே உண்மையென ஏற்கப்பட்டது. ஃபாக்ஸ் கேட்ட கேள்வி தக்க கேள்வியே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பிரெஞ்சுப் புரட்சி அவரது உறுதிக்கு நேர்ந்த பெருஞ்சோதனை. அதனை வரவேற்ற ஃபாக்ஸும், அதனை வெறுத்த பர்க்கும் 1791இல் சபையிலேயே பிரிந்தனர். கால் நூற்றாண்டு நட்பு முறிந்ததென உணர்ந்த ஃபாக்ஸ் அவ்விடத்திலேயே கண்ணீர் விட்டார் என்பர். 1793இல் பிரான்சுடன் போர் மூண்டது. விசாரணையின்றிச் சிறை வைக்க வழிவகுத்த 1794ஆம் ஆண்டுச் சட்டத்தையும், பொதுக்கூட்டங்களுக்கு விலங்கிட்ட 1795ஆம் ஆண்டுச் சட்டங்களையும் அவர் எதிர்த்தார். கட்சியினர் பலர் பிட்டிடம் சென்றனர். எஞ்சியோர் சிறு கூட்டமே. 1797இல் மனம் சலித்துச் சபைக்குச் செல்வதையே பெரிதும் குறைத்துக்கொண்டார். மறு ஆண்டு, 'நம் இறைமை மக்களே' என்னும் பொருள்பட விருந்தொன்றில் வாழ்த்துக் கூறியதற்காக மன்னர் தம் ஆலோசனைக் குழுவிலிருந்து அவர் பெயரை நீக்கினார்.

எனினும், அவ்வாண்டுகள் பயனின்றிப் போகவில்லை. அவதூறு வழக்குகளில் எழுத்து குற்றமுடையதா என்பதை நீதிபதியன்றி நடுவர் குழுவே முடிவு செய்யும் உரிமையைத் தந்த 1792ஆம் ஆண்டுச் சட்டம், எதிர்வரிசையில் இருந்தபடியே அவர் பெற்றுத் தந்தது. 1806இல் பிட் மறைந்தபின் மீண்டும் அமைச்சரான ஃபாக்ஸ், அடிமை வாணிகத்தை ஒழிக்க வேண்டுமெனும் தீர்மானத்தை ஜூன் 10 அன்று முன்மொழிந்தார். 114 பேர் ஆதரிக்க, 15 பேரே எதிர்த்தனர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுப் பொதுவாழ்வில் இது ஒன்றையே சாதித்திருந்தாலும் தாம் மனநிறைவு கொள்வதாக அவர் சபையில் கூறினார். செப்டம்பர் 13 அன்று மறைந்தார். 1807இல் அது சட்டமாயிற்று. வாழ்நாளெல்லாம் எதிரெதிராய் நின்ற பிட்டின் கல்லறைக்கு அருகிலேயே, வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தில் அவரும் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் ஆதரித்துத் தோற்ற நாடாளுமன்றச் சீர்திருத்தத்தை அவருடைய மாணவர் எனத்தக்க கிரே பிரபு 1832இல் நிறைவேற்றினார். எதிர்க்கட்சித் தலைவருக்கு அரசே ஊதியம் அளிக்கும் முறை பிரிட்டனில் 1937இலும், நம் நாடாளுமன்றத்தில் 1977இலும் சட்டமாயிற்று. ஒரு காலத்தில் துரோகமெனக் கருதப்பட்ட பணி, அரசியலமைப்பின் உறுப்பாகவே வளர்ந்த கதை இது. வென்றவர் வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, எண்ணிக்கையில் தோற்றும் கேள்வி கேட்பதை விடாதவர் வரலாற்றையும் சேர்த்துச் சொல்வோமாக.