பத்தைக் கழிச்சுக்கணும் தம்பி!

மலருக்குக் கட்டுரை கேட்டு நண்பர் போன் செய்தபோது, "நம்ம துறையைப் பற்றி ஏதாவது எழுதுப்பா" என்றார். நான் படித்தது இன்ஸ்ட்ருமென்டேஷன். இன்று பிழைப்பு நடப்பது பிரஷர் கேஜ்களோடு. ஆனால் அழுத்தத்தை அளப்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதை எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவர், என் பேராசிரியப் பெருமக்கள் மன்னிக்க வேண்டும், கொல்லிமலையில் பணியாற்றிய ஒரு கிராம சுகாதார செவிலியர்!

2010-ல் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காகக் கொல்லிமலை போனோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். முப்பதாவது வளைவுக்குள் பாதி பஸ் காலி, பாட்டுக் கச்சேரியும் காலி. வல்வில் ஓரி ஆண்ட மலை, அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை என்று சுற்றிப் பார்க்கும் ஆசையோடு போன எங்களை, செம்மேட்டுக்கு அப்பால் ஒரு சிற்றூரில் மருத்துவ முகாமுக்கு உதவியாக நிறுத்திவிட்டார்கள். பெயர் எழுதுவது, வரிசையை ஒழுங்குபடுத்துவது என் வேலை.

வரிசையில் ஒரு பாட்டி. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். பேத்திக்கு எட்டாம் மாதம். பாட்டி என்னிடம் சொன்னார்: "என் மூத்த மகளுக்கும் இப்படித்தான் தம்பி கால் வீங்கிச்சு, மூஞ்சி வீங்கிச்சு. பிள்ளை கொழுகொழுன்னு இருக்கும்னு சந்தோஷப்பட்டோம். ஒரு ராத்திரி தலைவலின்னா. விடியறதுக்குள்ள ஜன்னி கண்டுடுச்சு. டோலி கட்டித் தூக்கிக்கிட்டு மலை இறங்கினோம். பாதி வழியிலேயே முடிஞ்சு போச்சு."

எங்கள் ஊரிலும் 'பிரசவ ஜன்னி' என்ற சொல்லைக் கேட்டிருக்கிறேன். பேய் பிடித்தது என்பாரும் உண்டு. மருத்துவத்தில் அதன் பெயர் எக்லாம்சியா. அதற்கு முந்திய நிலை பிரிஎக்லாம்சியா. கர்ப்பத்தின் இருபதாவது வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் போய், பெரும்பாலும் சிறுநீரில் புரதமும் தென்படும். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும். தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம்.

செவிலியர் அந்தப் பெண்ணின் கையில் பட்டையைச் சுற்றினார். நான் பக்கத்தில் நின்று டயலைப் பார்த்தேன். காற்றே அடிக்கவில்லை, ஆனால் முள் பத்தில் நிற்கிறது!

"சிஸ்டர், முள் பூஜ்யத்துல இல்லையே?"

"அது அப்படித்தான். பத்தைக் கழிச்சுக்கணும் தம்பி."

டயல் 148 காட்டியது. பத்தைக் கழித்தால் 138. எல்லைக்குள்தான். ஆனால் சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "கழிச்சாலும் மனசு ஒப்பலையே" என்றவர், பெண்ணிடம் சிறுநீர் வாங்கி, சோதனைக் குழாயில் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினார். வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி மேலே வெண்மை கட்டியது. ஒரு சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டும் அது கரையவில்லை. அவ்வளவுதான், உடனே வண்டிக்குச் சொல்லி அனுப்பினார். கீழே ஆஸ்பத்திரியில் பார்த்தபோது மேல் அழுத்தம் 150-ஐத் தாண்டியிருந்ததாம். சில நாட்களில் பிரசவம். தாயும் சேயும் நலம் என்று முகாம் முடிவதற்குள் செய்தி வந்தது. பாட்டி எங்கள் எல்லோருக்கும் அன்னாசிப் பழம் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கருவி களைத்துப் போனால் பூஜ்யத்தில் இருக்கும் பிழையும் 140-ல் இருக்கும் பிழையும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. இது இரண்டாம் ஆண்டுப் பாடம்! பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயம், ஒரு உயிருக்கு எதிரில் வந்து நின்றபோதுதான் புரிந்தது. பிறகுதான் இந்த நோயின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அந்த வரலாறு பெரும்பாலும் அளவையின் வரலாறுதான். 1843-ல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஜான் லீவர் என்ற மருத்துவர், பிரசவ வலிப்பு கண்ட பெண்களின் சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்து அதில் புரதம் இருப்பதைக் கண்டார். கொல்லிமலையில் சிஸ்டர் செய்தது அதே சோதனை! 1896-ல் இத்தாலியின் ரிவா ரோச்சி, பாதரசத்தையும் சைக்கிள் டியூபையும் வைத்து, கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்க்கும் கருவியைச் செய்தார். மறு ஆண்டே பிரான்சில் வாக்கே, நோபெகூர் என்ற இருவர், வலிப்பு கண்ட கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருப்பதைக் கண்டு சொன்னார்கள். 1905-ல் ரஷ்யாவின் கொரோட்கோவ், ஸ்டெதாஸ்கோப் வைத்துச் சத்தம் கேட்டு மேல் அழுத்தம், கீழ் அழுத்தம் இரண்டையும் கணிக்கும் முறையைத் தந்தார். வலிப்பு வருவதற்கு முன்பே ஆபத்தை அறிய ஒரு வழி பிறந்தது.

இந்த வரலாற்றில் நம் சென்னைக்கும் இடம் உண்டு. எழும்பூர் தாய்சேய் நல மருத்துவமனையின் தொடக்கம் 1844, அதாவது லீவரின் கண்டுபிடிப்புக்கு மறு ஆண்டு. அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார். பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய அதே பெருமகனார்தான். அவர் எழுதிய மகப்பேறு பாடநூலை மருத்துவ மாணவர்கள் இன்றும் 'முதலியார் அண்டு மேனன்' என்றே சொல்கிறார்கள். அந்த மேனன், டாக்டர் எம். கே. கிருஷ்ண மேனன். மூன்று மருந்துகளைச் சேர்த்து வலிப்பை அடக்கும் 'லைட்டிக் காக்டெயில்' முறையைக் கையாண்டு, 1961-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார். இந்திய மருத்துவமனைகள் பலவற்றில் பல ஆண்டுகள் அந்த முறை புழங்கியது.

அதைவிடச் சிறந்தது வந்தபோது அது வழிவிட்டது. வந்தது என்ன தெரியுமா? தென்னைக்குச் சத்துக் குறைந்தால் நம் விவசாயிகள் போடுகிறார்களே, அந்த மெக்னீசியம் சல்பேட்! ஊசி மருந்தாகச் சுத்திகரித்தது, அவ்வளவே வித்தியாசம். 1995-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு, இந்தியா உள்ளிட்ட நாடுகளின் 1,687 பெண்களைக் கவனித்து, மீண்டும் வலிப்பு வராமல் தடுப்பதில் மற்ற இரு மருந்துகளைவிட இதுவே மேல் என்று காட்டியது. 2002-ல் 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 'மேக்பை' ஆய்வு, வலிப்பு வரும் முன்பே கொடுத்தால் அந்த ஆபத்து பாதிக்கும் கீழே குறைவதை நிரூபித்தது.

காரணம் என்ன என்ற கேள்விக்கு 2003-ல் ஒரு வெளிச்சம் கிடைத்தது. இந்தியாவில் மருத்துவம் படித்து அமெரிக்காவில் சிறுநீரக மருத்துவரான ஆனந்த் கருமஞ்சியின் குழு, நஞ்சுக்கொடியிலிருந்து அளவுக்கு மீறிச் சுரக்கும் ஒரு புரதம் தாயின் ரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது என்று கண்டது. அந்தப் புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனையை 2023-ல் அமெரிக்க அரசு அனுமதித்தது. ஆபத்து அதிகமுள்ள கர்ப்பிணிகளுக்கு டாக்டர் யோசனைப்படி குறைந்த அளவு ஆஸ்பிரின் முன்கூட்டியே தரப்படுகிறது. ஆனாலும் முழுத் தீர்வு இன்றும் ஒன்றுதான்: குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியே வருவது. எனவே நேரத்தோடு கண்டுபிடித்து, நேரத்தோடு மலை இறக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது.

தமிழ்நாடு இதில் நிறையச் சாதித்திருக்கிறது. 2018-20 கணக்கின்படி உயிருடன் பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்குத் தாய் மரணம் 54. அகில இந்திய அளவில் 97. 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. ஆனால் 54 என்பதும் வெறும் எண்ணல்ல; ஒவ்வொன்றும் ஒரு பாட்டியின் மகள்.

லண்டன் கிங்ஸ் கல்லூரிக்காரர்கள் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கெரியும் பிரஷர் கருவி ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலும் கர்நாடகத்திலும் சோதித்தார்கள். கருவியால் மட்டுமே மரணங்கள் குறைந்தன என்று 2019-ல் வெளியான அந்த ஆய்வால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. எனக்கு ஆச்சரியமில்லை. 148-ஐயும் 138-ஐயும் பார்த்துவிட்டு "மனசு ஒப்பலையே" என்ற சிஸ்டரை எந்த விளக்கில் வைப்பது?

அதற்காகப் பழுதான கருவியை அவர் கையில் கொடுக்கலாமா? கூடாது. அவர் மனசு ஒரு நாள் களைத்திருந்தால்?

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முகாமுக்குப் போகும்போது நம் ஆய்வகத்திலிருந்து ஒரு டிஜிட்டல் மேனோமீட்டரும், T வடிவ இணைப்பும், கொஞ்சம் ரப்பர் குழாயும் எடுத்துப் போங்கள். அந்தப் பகுதியிலுள்ள பிரஷர் கருவிகளை அனுமதி பெற்று 0, 50, 100, 150, 200 என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கருவிக்குப் பத்து நிமிஷம் போதும். தவறாகக் காட்டுவதைக் குறித்துக் கொடுங்கள். மாற்றுக் கருவி வாங்கும் செலவை முன்னாள் மாணவர்களாகிய நாங்கள் பார்த்துக்கொள்வோம். சங்கக் கூட்டத்தில் இதை முன்மொழியவும் இருக்கிறேன். பழைய ஹாஸ்டல் நண்பர்கள் கைதூக்கினால் போதும்.

எந்தச் செவிலியரும் இனி பத்தைக் கழிக்க வேண்டியதில்லை. முள் பூஜ்யத்தில் நிற்கட்டும்.