இரும்புக்கு நஞ்சு, பயிருக்கு மணிச்சத்து



தை மாத அறுவடை நேரத்தில் ஒரு நாள் கிராமத்துக் கொல்லுப் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். பெரியவர் ஒருவர் இரண்டு துண்டாகிப் போன கதிர் அரிவாளைக் கொண்டுவந்து போட்டார். "போன வாரம் சந்தையில வாங்கினது ஆசாரி. கதிரைப் பிடிச்சு ஒரு இழுப்புத்தான் இழுத்தேன், படக்குன்னு போச்சு. கொஞ்சம் தவறியிருந்தா விரல் போயிருக்கும்" என்றார். ஆசாரி அந்த முறிந்த வாயை வெயிலில் திருப்பிக் காட்டினார். "பாருங்க சார், கற்கண்டை உடைச்ச மாதிரி மினுக்குது. நல்ல எஃகுன்னா சாம்பல் கணக்கா நைசா இருக்கும். இது பொடிப்பொடியா உதிர்ற சாதி."

படிக்காத அந்த ஆசாரி ஒரே பார்வையில் சொன்னதைக் கண்டுபிடிக்க மேல்நாட்டு விஞ்ஞானிகளுக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்தச் சரித்திரத்தைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். 'விவசாய நிகழ்ச்சியில் இரும்புக் கதை எதற்கு?' என்று கேட்காதீர்கள். கடைசியில் இது உரக் கதையாக வந்து முடியும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரும்பு என்பது ஒரே கட்டியாக இருப்பதில்லை. உள்ளே மணிமணியாக, நெருக்கி அடுக்கிய அரிசி மாதிரி இருக்கிறது. மணி சிறியதாக இருந்தால் இரும்பு உறுதியாக இருக்கும். மணி பெருத்துவிட்டால் சுலபமாகப் பிளக்கும். இதோடு கரி வேறு கலந்திருக்கிறது. கரி இல்லாத இரும்பு வளையும், கூர் நிற்காது. நூற்றுக்கு அரைப் பங்கிலிருந்து முக்கால் பங்கு கரி சேர்ந்தால் அரிவாளுக்கு ஏற்ற எஃகு. மூன்று, நான்கு பங்கு சேர்ந்தால் வார்ப்பிரும்பு. சம்மட்டியால் ஓங்கி அடித்தால் உடைந்து போகும். சிறு கலப்புக்குள் எவ்வளவு பெரிய வித்தியாசம் பாருங்கள்!

கரியை அளவோடு சேர்க்கும் வித்தையில் நம் நாட்டார் முன்னோடிகள். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய இரும்பு உலைகள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. தென்னாட்டு எஃகு மேற்காசியா வரைக்கும் வாளுக்காகப் போயிற்று. வெள்ளைக்காரர்கள் இதை 'வூட்ஸ்' என்றார்கள். செய்முறையை 1839-இல் ஹீத் என்பவர் எழுதி வைத்திருக்கிறார். இரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டி மண் மூசையில் போடுவார்கள். அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு காய்ந்த ஆவாரங்குச்சியை நறுக்கிச் சேர்ப்பார்கள். மேலே எருக்கிலை ஒன்றிரண்டு வைத்து, களிமண்ணால் வாயை அடைத்துவிடுவார்கள். இப்படி இருபதுக்கும் மேற்பட்ட மூசைகளை உலையில் அடுக்கி இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். நீங்கள் நஞ்சையில் தழையுரமாக மிதிக்கிற அதே ஆவாரையும் எருக்கும்தான் அங்கே இரும்புக்குக் கரியைக் கொடுத்தன.

இந்த எஃகின் ரகசியம் என்னவென்று லண்டனில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். மைக்கேல் ஃபாரடே, அவரே கொல்லர் மகன், 1819-இல் சோதித்துப் பார்த்து அலுமினா கலந்திருப்பதுதான் காரணம் என்று எண்ணினார். அது சரியில்லை. பிரான்சு நாட்டு பிரேயான் 1820-களில் ஆராய்ந்து, கூடுதலான கரிதான் காரணம் என்று காட்டினார். வூட்ஸில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவுக்குக் கரி உண்டு.

மேலே சொன்ன ஹீத் கதை வேடிக்கையானது. கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை வைத்தார். சேலம் பக்கத்துக் கல்லை உருக்கினார். ஆலை கடனில் தள்ளாடியது. ஊர் திரும்பி ஷெஃபீல்டில் எஃகு வேலையில் இறங்கி, 1839-இல் ஒரு சங்கதிக்கு உரிமம் வாங்கினார்: உருகும் எஃகில் கொஞ்சம் மாங்கனீஸ் சேர்த்தால் தரம் கூடுகிறது. மட்டமான இரும்பிலும் நல்ல கத்தி செய்யலாம். பிறர் வேறு வழியாக அதையே செய்து லாபம் பார்த்தார்கள். ஹீத்துக்கு மிஞ்சியது வழக்குத்தான்; 1851-இல் இறந்துபோனார்.

மாங்கனீஸ் செய்த வேலை என்ன? இரும்புக்கு இரண்டு எதிரிகள். ஒன்று கந்தகம். அது இரும்போடு சேர்ந்து மணிகளுக்கு நடுவே மெல்லிய படலமாகப் படியும். உலையில் காய்ச்சும்போது அந்தப் படலம் உருகிவிடும். வரப்பு கரைந்தால் வயல் என்ன ஆகும்? அதே கதைதான். சிவக்கக் காய்ச்சி அடித்தால் துண்டு துண்டாகும். மாங்கனீஸ் சேர்த்தால் அது கந்தகத்தைப் பிடித்து, உருகாத தனி உருண்டையாக ஒதுக்கி வைத்துவிடும்.

இரண்டாவது எதிரி பாஸ்பரஸ். ஆமாம், நீங்கள் அடியுரமாகப் போடுகிற அதே மணிச்சத்துதான்! இது சூட்டில் தொல்லை கொடுக்காது. ஆறிய பிறகுதான் வேலையைக் காட்டும். மணிகளின் ஓரத்தில் போய்க் கூடிக்கொண்டு ஒட்டுதலைக் கெடுக்கும். பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. குளிரில் ஓர் அதிர்ச்சி பட்டால் போதும், முறிந்துவிடும். நல்ல எஃகில் இது ஆயிரத்துக்கு அரைப் பங்குகூட இருக்கக்கூடாது.

இது தெரியாமல்தான் பெரிய நஷ்டம் வந்தது. 1856-இல் ஹென்றி பெஸ்ஸிமர் என்ற ஆங்கிலேயர், உருகிய இரும்புக்குள் காற்றை ஊதினால் அரை மணிக்குள் எஃகாகிவிடும், எரிபொருளே வேண்டாம் என்று அறிவித்தார். ஆலைக்காரர்கள் முண்டியடித்துக்கொண்டு உரிமம் வாங்கினார்கள். செய்து பார்த்தால் எல்லாம் நொறுங்கியது. பெஸ்ஸிமர் ஏமாற்றுக்காரர் என்றே பேச்சு வந்துவிட்டது. உண்மை என்னவென்றால், அவர் சோதனைக்கு எடுத்த பிளெய்னவன் ஊர் இரும்பில் தற்செயலாகப் பாஸ்பரஸ் குறைவு. மற்றவர்கள் இரும்பில் அது அதிகம். விதை நேர்த்தியெல்லாம் ஒன்றுதான், மண்தான் வேறு! அதன்பின் பாஸ்பரஸ் குறைந்த கல் கிடைக்கிற இடத்துக்குத்தான் மவுசு. ஐரோப்பாவில் பாஸ்பரஸ் நிறைந்த கல் மலை மலையாகச் சும்மா கிடந்தது.

இந்தச் சமயத்தில்தான் ஷெஃபீல்டைச் சேர்ந்த சார்பி என்பவர், இரும்பை மழமழவென்று தேய்த்து, அமிலத்தில் கொஞ்சம் அரிக்கவிட்டு, நுண்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். இது 1863, 64-இல் நடந்தது. எஃகுக்குள் முத்துச் சிப்பி மாதிரி அடுக்கடுக்காகப் பளபளத்தது. மென்மையான இரும்பு ஓர் அடுக்கு, கரி கலந்த கடினப் பொருள் ஓர் அடுக்கு. ஆசாரி முறிவு வாயில் ஊகித்ததைக் கண்ணாலேயே பார்க்க வழி பிறந்தது.

பாஸ்பரஸ் சிக்கலைத் தீர்த்தவர் பெரிய ஆலை முதலாளி இல்லை. லண்டன் போலீஸ் கோர்ட்டில் குமாஸ்தா. பெயர் சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ், 1850-இல் பிறந்தவர். பகலெல்லாம் கோர்ட்டு வேலை, மாலையில் ரசாயன வகுப்பு. அவர் யோசித்த விதத்தை நாம் மண் பரிசோதனைக் கணக்கில் சொல்லலாம். சுண்ணாம்பு மண்ணில் சூப்பர் பாஸ்பேட் போட்டால் என்ன ஆகிறது? சுண்ணாம்பு மணிச்சத்தைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடுகிறது. பயிருக்கு எட்டாமல் போகிறது. நமக்கு அது தொந்தரவு. இரும்புக்கு அதுவே மருந்து! பெஸ்ஸிமர் உலையின் உட்சுவர் மணற்பாங்கான செங்கல், அமிலத் தன்மை உடையது. காற்றில் எரிந்த பாஸ்பரஸும் அமிலம். அதைப் பிடித்துவைக்க ஆள் இல்லாததால் மறுபடியும் இரும்பிலேயே போய்ச் சேர்ந்தது. தாமஸ் உட்சுவரை டோலமைட் என்கிற சுண்ணாம்பு வகைக் கல்லால் கட்டி, உள்ளே சுண்ணாம்பையும் போட்டார். பாஸ்பரஸ் சுண்ணாம்போடு சேர்ந்து கசடாக மேலே மிதந்தது. சோதனையெல்லாம் நடந்தது அதே பிளெய்னவனில்தான். அங்கே ரசாயனராக இருந்த மாமன் அத்தை உறவுச் சகோதரர் பெர்ஸி கில்கிறிஸ்ட் கைகொடுத்தார்.

1878-இல் இரும்பு வல்லுநர்கள் கூட்டத்தில் எழுந்து சொன்னார், யாரும் காது கொடுக்கவில்லை. அடுத்த வருஷம் மிடில்ஸ்பரோ ஊரில் பெரிய உலையில் செய்துகாட்டியதும் நாலா தேசத்துக்காரரும் ஓடிவந்தார்கள். லொரேன் பகுதியில் வீணாகக் கிடந்த கல் எல்லாம் எஃகாயிற்று. ஜெர்மனியின் தொழில் வளர்ச்சிக்கு இது பெரிய கை கொடுத்தது. தாமஸ் மட்டும் நெஞ்சு நோயால் 1885-இல், 34 வயதில் கண்ணை மூடினார். சம்பாதித்ததைத் தொழிலாளர் நலனுக்கென்று விட்டுப்போனார்.

இனித்தான் நம் கதை. மிதந்த கசடு மலையாகக் குவிந்தது. அதில் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு மணிச்சத்து. நம் சூப்பர் பாஸ்பேட்டில் 16 பங்கு என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மாவாக அரைத்து நிலத்தில் போட்டார்கள். 'தாமஸ் மாவு' என்று ஜெர்மன் குடியானவர்கள் மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். இங்கிலாந்தின் வட கோடியில் காக்கிள் பார்க் பண்ணையில் 1890-களில் சோதனை நடந்தது. சத்தற்ற புல்வெளியில் இந்த மாவைத் தூவியதும் வெள்ளைக் குளோவர் என்ற பயறு இனச் செடி பரவிற்று. பயறு இனம் அல்லவா, தழைச்சத்தையும் அதுவே சேர்த்தது. மேய்ந்த ஆடுகள் எடை கூடின. இரும்பிலிருந்து துரத்திய நஞ்சு புல்லாகி, ஆடாகி, குடியானவன் வீட்டுக்கு வந்துவிட்டது.

இந்த மாவு நீரில் கரையாது, மெதுவாகத்தான் வேலை செய்யும். நீலகிரி மாதிரிப் புளிப்பு மண்ணுக்குத்தான் இது பொருந்தும். சுண்ணாம்பும் கூடவே இருப்பதால் புளிப்பையும் தணிக்கும். 1960-களுக்குப் பிறகு பாஸ்பரஸ் குறைந்த கல்லும் புதிய முறைகளும் வந்ததால் தாமஸ் கசடு குறைந்துபோயிற்று. இன்றைய உருக்காலைக் கசட்டில் மணிச்சத்து குறைவு. யாராவது "ஆலைக் கசடு, மணிச்சத்து உரம்" என்று விற்றால், சத்து எவ்வளவு என்று சோதிக்காமல் வாங்காதீர்கள்.

பாஸ்பரஸ் எப்போதும் எதிரியா? அப்படியும் இல்லை. தில்லி இரும்புத் தூண் 1600 ஆண்டுகளாகத் துருப்பிடித்து அழியாமல் நிற்பதற்கு, அதில் இருக்கும் கூடுதல் பாஸ்பரஸ்தான் முக்கிய காரணம். தூண் சும்மா நிற்கிறது. அரிவாள் அதிர்ச்சி தாங்க வேண்டும். இடம் மாறினால் குணம் மாறும்.

சரி, அந்தப் பெரியவர் அரிவாளுக்கு வருவோம். மினுக்குகிற முறிவுக்குக் காரணம் இரண்டு. இரும்பில் பாஸ்பரஸ் இருக்கலாம். அதை எந்தக் கொல்லராலும் எடுக்க முடியாது. இல்லையென்றால் அளவுக்கு மேல் காய்ச்சியதில் மணி பெருத்திருக்கலாம். இதைப் பக்குவமாகச் சிவக்கக் காய்ச்சி அடித்துச் சரிசெய்யலாம். ஆசாரி இரண்டாவது வழியைச் செய்து பார்த்தார். நுனி மறுபடியும் உதிர்ந்தது. "இது சரக்கே கோளாறு" என்று ஓரமாகப் போட்டுவிட்டு, பழைய லாரிப் பட்டையில் புதிதாக ஓர் அரிவாள் அடித்தார். தண்ணீரில் தோய்த்ததோடு விடவில்லை. வாயைத் தேய்த்து வெளுப்பாக்கி, மறுபடி இளஞ்சூடு காட்டினார். வைக்கோல் நிறம் ஓடியதும் நிறுத்தினார். "தோய்ச்சதும் கண்ணாடி மாதிரி இருக்கும் சார். இந்தச் சூடு காட்டலேன்னா அதுவும் பட்டுன்னு போயிடும்" என்றார்.

ஆகவே உழவர் பெருமக்களே, கொழுவோ மண்வெட்டியோ அரிவாளோ, உடைந்தால் தூக்கி எறியாதீர்கள். முறிவு வாயை வெயிலில் பாருங்கள், ஆசாரியிடம் காட்டுங்கள். ஐந்து, பத்து மலிவு என்று சந்தையில் வாங்குவது உங்கள் விரலோடு விளையாடுவதாகும். அந்தப் பெரியவர் புது அரிவாளை வாங்கிக்கொண்டு, உடைந்த துண்டையும் மடியில் கட்டினார். "எதுக்குங்க?" என்றேன். "வித்தவன்கிட்ட காட்டணும் தம்பி. அவன் பிள்ளையும் அறுப்புக்குப் போறவன்தானே" என்றார்.