ரூர் ஆற்றின் கணக்கு

எசனில் நான் குடிப்பது ரூர் நீர். 219 கிலோமீற்றர் மட்டுமே ஓடும் ஆறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சுரங்கங்களும் உருக்காலைகளும் நகரங்களும் அதை உறிஞ்சின. எடுத்ததில் பெரும்பங்கு எம்ஷர், லிப்பே பக்கம் போய்விட்டது, ரூருக்குத் திரும்பவில்லை. கீழே நீர்ச்சக்கரம் வைத்திருந்தவர்கள் முறையிட்டார்கள்.

1899இல் ரூர் அணைச் சங்கம் பிறந்தது. எடுக்கும் அளவுக்குப் பணம். அந்தப் பணத்தில் மலையில் அணைகள். 1913இல் பிரஷ்யச் சட்டம் அதில் சேர்வதைக் கட்டாயமாக்கியது. பின்னாளைய சட்டப்படி வில்லிக்ஸ்ட்டில் செக்கனுக்கு 8.4 கன மீற்றர், ஹாட்டிங்கனில் 15. ஓட்டம் அதற்குக் கீழே போகாதபடி அணைகளிலிருந்து நீர் விடவேண்டியிருந்தது. எடுத்ததைத் திருப்பிவிடாதோர் கூடுதலாகக் கட்டுகிறார்கள். அண்மை வறட்சிகளில் அணைகள் வற்றாதிருக்க அந்த வரம்பையும் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள், ஆனால் அதற்கும் அரசின் அனுமதி வேண்டியிருந்தது.

எனக்கு இரணைமடு நினைவு வரும். அதன் நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தபோது, அதைப் பிரதேசவாதம் என்றவர்கள் இங்கேயும் உண்டு. சிறுபோகத்துக்கே போதாத குளம் என்றார்கள் விவசாயிகள். வறட்சி வந்தால் முதலில் யாருடைய பங்கு குறையும், இழப்பவருக்கு யார் கொடுப்பது? ரூரில் சட்டத்தில் எழுதியிருப்பது இதுதான். இரணைமடுத் திட்டம் கைவிடப்பட்டது. தாழையடியில் இப்போது கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள்.